ரோபோ கொட்டேஷனில் எழுதாத செலவுகள்

கோவை அரசூர்ப் பக்கம் பட்டறை நடத்தும் வாசகி ஒருவர் எழுதிய கடிதம். நீளமாக இருந்ததால் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: அப்பாவிடமிருந்து பட்டறை என் கைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. நான்கு சிஎன்சி லேத் (கணினி சொல்கிறபடி உலோகத்தைக் கடையும் இயந்திரம்), மொத்தம் 14 பேர். வால்வு பாடி, பம்ப் பாகங்களை ஜாப் ஆர்டரில் டர்னிங் செய்து கொடுக்கிறோம். ஆள் பிரச்சினை தாங்க முடியவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பையன்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. போன வருடம் ஒரு லேத் 20 நாள் சும்மா நின்றது. இரண்டு லேத்துக்கு நடுவில் ஒரு ரோபோ வைத்தால் இரண்டு ஷிப்டிலும் சேர்த்து நான்கு ஆப்பரேட்டர் தேவைப்படாது என்று ஒரு நிறுவனத்தார் 24 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள், ஜிஎஸ்டி தனி. ஆளுக்கு மாதம் 20,000 வீதம் வருடத்துக்கு 9.6 லட்சம் மிச்சம், முப்பது மாதத்தில் போட்ட காசு வந்துவிடும் என்கிறார்கள். இந்தக் கணக்கு சரியா? அந்த நால்வரில் ஒருவர் 19 வருடமாக எங்களிடம் இருப்பவர். என்னை இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். அவருக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

வணக்கம். இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதைக் கடைசி வரியில் ஒதுக்கிவிட்டாலும் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. அதற்கும் வருகிறேன். முதலில் முப்பது மாதக் கணக்கைப் பிரிப்போம்.

அவர்களுக்குச் சாதகமாகவே ஒரு திருத்தம் சொல்லித் தொடங்குகிறேன். 20,000 சம்பளம் வாங்கும் ஆளுக்கு உங்களுக்கு ஆகும் செலவு 20,000 கிடையாது. இஎஸ்ஐ-யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், அது 650. தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளம் என்று வைத்தால் மாதத்துக்கு 1,667. பணிக்கொடைக்கு நீங்கள் இன்று எடுத்து வைக்காவிட்டாலும் மாதம் சுமார் 960 கடன் ஏறிக்கொண்டே இருக்கிறது. டீ, யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்தால் 23,500 என்று வைத்துக்கொள்ளலாம். 20 பேரைத் தொடாததால் பிஎஃப் உங்களுக்குக் கட்டாயம் இல்லை. தொட்டால் இது இன்னும் ஏறும். ஆக, விற்க வந்தவர்களே ஆள் செலவைக் குறைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

அவர்கள் சறுக்கியது அடுத்த வரியில். நான்கு பேருமா போகப்போகிறார்கள்? காஸ்டிங்கை, அதாவது வார்ப்பு உருப்படியை, ட்ரேயில் அடுக்குவது யார்? இன்சர்ட் (லேத்தின் வெட்டும் முனை) தேய்ந்தால் மாற்றுவது, பத்து உருப்படிக்கு ஒன்றை எடுத்து கேஜ் போட்டு அளவு பார்த்து, லேத்தின் ஆஃப்செட்டை (வெட்டும் அளவை) திருத்துவது, கன்வேயரில் அடைத்த உலோகத் தூளை வாருவது? ரோபோ செய்வது லோடிங், அன்லோடிங் மட்டும். ஷிப்டுக்கு ஒருவர் கண்டிப்பாக நிற்க வேண்டும். ஆக நான்கு பேர் இரண்டு பேராவார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் ரோபோவின் டீச் பெண்டன்ட்டை (அதற்கு வேலை சொல்லிக்கொடுக்கும் கைக்கருவியை) பிடிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அது தெரிந்தவனை 20,000-க்கு உங்களிடம் யாரும் விட்டு வைக்க மாட்டார்கள். ஆளுக்கு 5,000 கூடப் போடுங்கள். இரண்டு பேர் குறைந்ததில் வருடத்துக்கு 5.64 லட்சம், சம்பள உயர்வு 1.2 லட்சத்தைக் கழித்தால் 4.44 லட்சம். 9.6 பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இனி போடும் காசு. கொட்டேஷனை இரண்டு முறை படித்தேன். கரம், உருப்படியைப் பிடிக்கும் கிரிப்பர், இன்ஸ்டலேஷன் இருக்கின்றன. ட்ரேயும் அதை நகர்த்தும் மேஜையும் இல்லை. உங்கள் லேத்துகளில் கதவு கையால் திறப்பது. அதைத் தானாகத் திறக்கவைக்க வேண்டும். லேத்தின் கன்ட்ரோலரும் ரோபோவும் பேசிக்கொள்ள இணைப்பு வேண்டும். சக்கில் (லேத்தில் உருப்படியைக் கவ்விப் பிடிக்கும் பகுதியில்) ஒட்டிய தூளை ஊதித் தள்ளக் காற்று வேண்டும். உங்கள் கம்ப்ரஸர் அதற்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வேலி. "இது கொலாபரேட்டிவ் ரோபோ, வேலி தேவையில்லை" என்று சொல்லியிருப்பார்கள். மனிதர் பக்கத்திலேயே வேலை செய்ய உருவாக்கிய வகை அது; கரம் மெதுவாக மோதினால் நின்றுவிடும் என்பது உண்மைதான். அந்தக் கரம் பிடித்திருக்கும் கூர்மையான நான்கு கிலோ காஸ்டிங்குக்கு அந்தச் சாந்த குணம் கிடையாது. 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்பாலையில், பாகங்களை எடுக்க ரேக்கில் ஏறிய தொழிலாளி ஒருவர் ரோபோவின் கை பின்னாலிருந்து அடித்து இறந்தார். ரோபோவால் இறந்த முதல் மனிதர் என்று பதிவானவர் அவர். கூண்டும், கதவைத் திறந்தால் எல்லாம் நிற்கும் இன்டர்லாக்கும் செலவுக் கணக்கில் முதலில் வர வேண்டியவை, பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுபவை.

இதெல்லாம் சேர்த்து இன்னொரு 8 லட்சம் ஆகும். மொத்தம் 32 லட்சம். ஜிஎஸ்டி 18 சதவீதத்தை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதைச் செலவில் சேர்க்கவில்லை. ஆனால் உங்கள் அளவு விற்றுமுதலில் அது ஒரே மாதத்தில் கழியாது, சில மாதம் உங்கள் காசு அங்கே முடங்கியிருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: வரவாக எடுத்த வரியைச் சொத்து மதிப்பில் ஏற்றித் தேய்மானம் கேட்கக் கூடாது.

24 லட்சம் பேங்க் லோன், 8 லட்சம் கைக்காசு என்று வையுங்கள். 11 சதவீத வட்டியில் முதல் வருட வட்டி 2.64 லட்சம். பராமரிப்பு ஒப்பந்தம், கிரிப்பர் விரல்கள், கேபிள், கரண்ட் சேர்த்து வருடம் 1.7 லட்சம். 4.44-ல் இதைக் கழித்தால் 2.74. அதிலிருந்து வட்டியும் போனால் கையில் நிற்பது 10,000 ரூபாய். முதல் வருடம் முழுக்க ஓட்டி, பட்டறையையே புரட்டிப் போட்டுச் சம்பாதித்த பத்தாயிரம்.

அதற்காக ரோபோவால் வேறு வரவே இல்லை என்று சொன்னால் நான் அநியாயம் செய்கிறேன். அது டீ குடிக்கப் போகாது, மத்தியானம் சாப்பிட உட்காராது, ஷிப்ட் மாறும்போது கால் மணி நேரம் கதை பேசாது. லேத்துக்கு ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும் என்று வைத்தால் இரண்டு லேத், இரண்டு ஷிப்ட், 300 நாள் என வருடத்துக்கு 1,200 மணி. உங்கள் மணி ரேட் 350 என்று எழுதியிருக்கிறீர்கள்; இன்சர்ட், கரண்ட், கூலண்ட் என 100 போக மணிக்கு 250 நிற்கும். ஆனால் உங்களிடம் ஓடுவது நாற்பது வகை உருப்படி, லாட்டுக்கு 150 முதல் 300 வரை. ஒவ்வொரு முறை உருப்படி மாறும்போதும் சக்கின் தாடைகளான சாஃப்ட் ஜா மாற்றுவதோடு கிரிப்பர் விரலையும், ட்ரேயையும், புரோகிராமையும் மாற்ற வேண்டும். மாதம் 24 செட்டிங் என்று உங்கள் பதிவே சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி கூடுதல் என்று வைத்தாலும் வருடத்தில் 432 மணி போய்விடும். மிஞ்சுவது 768 மணி, அதாவது 1.92 லட்சம். அதையும் சேர்த்தால் வட்டிக்கு முன் வருட வரவு 4.66 லட்சம். 32 லட்சம் திரும்ப ஏறக்குறைய ஏழு வருடம். முப்பது மாதம் எங்கே, ஏழு வருடம் எங்கே!

இதுவரை போட்ட கணக்கில் நானும் விற்பனைக்காரர் மாதிரியே ஒரு தப்பு செய்திருக்கிறேன். ரோபோவை உங்கள் பட்டறையின் இன்றைய நிலையோடு ஒப்பிட்டேன். ரோபோ இல்லாமலேயே அந்தப் பட்டறை எவ்வளவு சரியாக ஓட முடியுமோ அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

உங்கள் உருப்படிகளின் சைக்கிள் டைம் சராசரி ஐந்து நிமிடம். லோடு, அன்லோடுக்கு நாற்பது விநாடி. பிசிறு எடுத்து கேஜ் போட ஒரு நிமிடம். ஆப்பரேட்டர் மீதி மூன்று நிமிடத்துக்கு மேல் கண்ணாடிக்குள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். குறை அவர்மேல் இல்லை. லேத்துகளை வரிசையாகப் போட்டு ஆளுக்கு ஒன்று என்று அப்பா காலத்தில் வைத்ததே இன்றும் ஓடுகிறது. இரண்டு லேத்தை எதிரெதிராகத் திருப்பி, நடுவில் ஆறடி விட்டு ஒருவரை நிறுத்துங்கள். இரண்டு இயந்திரத்துக்கும் சேர்த்து மூன்றரை நிமிடத்துக்குள் அவர் வேலை முடிந்துவிடும். லேத்தை நகர்த்தி, லெவல் பார்த்து, வயரிங் மாற்ற ஒன்றரை லட்சத்துக்குள் ஆகும். இரட்டை இயந்திரம் பார்ப்பதற்கு அதே 5,000 உயர்வை ஒளிக்காமல் கொடுத்துவிடுங்கள். அந்த 4.44 லட்சம் ரோபோ இல்லாமலேயே வந்துவிட்டது!

அப்படியானால் ரோபோவின் கணக்கில் நிற்பது கூடுதல் மணிகளின் 1.92 லட்சம் மட்டும். பராமரிப்பு 1.7 போக 22,000. இதற்கு 32 லட்சம் போட யாரும் சொல்ல மாட்டார்கள்.

உங்களைக் கார் கம்பெனிக்கு அழைத்துப்போய்க் காட்டினார்களாம். சரி, இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் பாடி ஷாப்பில் ரோபோ வெல்டிங் அடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அங்கே ஒரே கதவு, ஒரே இடத்தில், வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கும். 2023-ல் இந்தியாவில் பொருத்திய 8,510 தொழிற்சாலை ரோபோக்களில் கார் தொழில் முதலிடத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான். அந்தத் தொழிலிலும் அளவு மீறினால் அடிதான். டெஸ்லா நிறுவனம் மாடல் 3 காருக்காக எல்லாவற்றையும் இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்து, உற்பத்தி சிக்கி, 2018 ஏப்ரலில் ஈலான் மஸ்க்கே அது தன் தவறு, மனிதர்களைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று எழுதினார். அடிடாஸ் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டா அருகிலும் ரோபோக்களை வைத்து ஷூ தைக்கும் ஆலைகளைப் பெரிய விளம்பரத்தோடு திறந்தது. 2019 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. சில மாடல் ஷூக்களை மட்டுமே அந்த ஆலைகளால் செய்ய முடிந்தது. அவர்களிடம் பணம் இருந்தது, தாங்கினார்கள். உங்கள் நாற்பது வகை உருப்படியை நினைத்துப் பாருங்கள்.

இங்கே எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஆறேழு வருடம் முன்பு ஒரு பட்டறைக்காரருக்கு இதே மாதிரிக் கணக்குப் போட்டுக் கொடுத்து, வாங்கலாம் என்று கையெழுத்தும் போட்டேன். மாதாந்திரக் கணக்கு எல்லாம் சரி. பவுண்டரியிலிருந்து வந்த ஒரு லாட்டில் ரைசரை (வார்ப்பில் மிஞ்சி நிற்கும் உலோகக் கட்டையை) ஒட்ட வெட்டாமல் கட்டை விரல் அளவு விட்டிருந்தார்கள். மனிதக் கை அதைத் தொட்டதுமே ஓரமாக எறிந்திருக்கும். ரோபோ அதைச் சாய்வாகவே சக்கில் கொடுத்தது, சக் மூடியது, ஸ்பிண்டில் சுற்றியது. அதற்கப்புறம் மூன்று வாரம் அந்த லேத் ஓடவில்லை. 'ஆள் குறைப்பு' என்று நான் எழுதிய வரியில், அந்த ஆள் கூலி வாங்காமல் செய்துகொண்டிருந்த வேலைக்கு விலையே போடவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. காஸ்டிங்கைத் தட்டிப் பார்த்து சத்தத்திலேயே விரிசல் சொல்வார்கள். இன்சர்ட் உடையப்போகிறது என்று லேத்தின் முனகலில் தெரிந்துகொள்வார்கள். இதையும் சென்சாரால் செய்யலாம்; அதற்கு ஒரு கொட்டேஷன் தனியாக வரும்.

ஆள் வராத பிரச்சினைக்கு நான் பதில் சொல்லவில்லையே என்று நினைக்கலாம். ஒரு லேத் 20 நாள் நின்றால் இரண்டு ஷிப்டுக்கு 320 மணி, 80,000 ரூபாய் இழப்பு. இது நிஜமான செலவுதான். ஆனால் ரோபோ வந்த பிறகும் அந்த இரண்டு பேரை நம்பித்தான் பட்டறை ஓடும். அதில் ஒருவன் தீபாவளிக்குப் போய்த் திரும்பாவிட்டால் இரண்டு லேத்தும் சேர்ந்து நிற்கும். ரோபோவும் லீவு போடும். சர்வீஸ் இன்ஜினியர் கோவையில் இருக்கிறாரா, புனேயிலிருந்து வர வேண்டுமா என்று கேட்டீர்களா?

எப்போது வாங்கலாம்? ஒரே வாடிக்கையாளர், ஒரே உருப்படி, மாதம் இப்போதைவிட 4,800 உருப்படி கூடுதலாக வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுத்தால். அப்போது செட்டிங் நேரம் போகாது. இரவில் இன்னும் ஆறு மணி நேரம் ஓட்டலாம். இரண்டு லேத்துக்கும் அது வருடத்துக்கு 3,600 மணி; முன்பு சொன்ன 1,200-ஐயும் சேர்த்தால் 4,800 கூடுதல் மணி, 12 லட்சம். இரவில் நிற்க ஒருவருக்குச் சம்பளம் 2.82, பராமரிப்பு 1.7 போனால் 7.48 லட்சம் நிற்கும். நாலேகால் வருடத்தில் முதல் திரும்பும். பத்து வருடத்துக்கு மேல் உழைக்கிற சாமானுக்கு அது நியாயமான கணக்கு. கவனித்தீர்களா, இதில் ஒரு ஆளைக்கூடக் குறைத்துக் காசு பார்க்கவில்லை, ஒருவர் கூடியிருக்கிறார்.

இன்னொரு இடமும் உண்டு. 1961-ல் ஜெனரல் மோட்டார்ஸின் நியூ ஜெர்சி ஆலையில் வேலைக்கு வந்த முதல் ரோபோ, டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அச்சில் அழுத்தி வார்க்கும்) இயந்திரத்திலிருந்து கொதிக்கும் உருப்படிகளை எடுத்து வைத்தது. மனிதன் வெந்துபோகிற இடம். பவுண்டரி கிரைண்டிங்கில் தூசியைச் சுவாசித்து நெஞ்சு கெட்டவர்களை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி வேலைக்கு ரோபோ என்றால் நான் ஏழு வருடக் கணக்கையும் தள்ளிவைத்துப் பேசுவேன். உங்கள் பட்டறையில் அப்படி ஒரு வேலை இல்லை.

வரிச் சலுகை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் ஆடிட்டர் அதைக் காட்டி வாங்கச் சொல்கிறாராம். இயந்திரத்துக்கு 15 சதவீதத் தேய்மானம் உண்டு. வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டினால் அதில் பாதி. புது இயந்திரத்துக்குக் கூடுதலாக 20 சதவீதம் கிடைப்பது நீங்கள் பழைய வரி முறையில் இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. எப்படியானாலும் இன்றைக்குக் குறையும் வரி பின்னால் வரும். லாபம் இல்லாத சாமானை இது லாபமாக்காது.

இனி அந்தப் பெரியவர்.

சட்டம் ஆட்குறைப்புக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஒரே வகை வேலையில் இருப்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். ஆகவே நால்வரில் இரண்டு பேர் குறைந்தாலும் அது அவராக இருக்காது. நீங்கள் டீச் பெண்டன்ட் பழக்கலாம் என்று நினைத்து வைத்திருக்கும் இளம் பையன்களாக இருக்கும். விற்க வந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆள் குறையும்படி இயந்திர முறையை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறைக்கப்படுபவருக்கு ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்கிறது. அதோடு வேலை இழந்தவருக்கான மறுதிறன் நிதிக்கு ஆளுக்கு இன்னொரு 15 நாள் ஊதியம் கட்ட வேண்டும். ஒரு வேளை அவரே போகிறார் என்றால், 19 வருடத்துக்கு இழப்பீடு சுமார் 1.9 லட்சம், பணிக்கொடை 2.19 லட்சம். பணிக்கொடை ரோபோவின் செலவு ஆகாது. அது அவர் ஏற்கெனவே சம்பாதித்து உங்களிடம் விட்டு வைத்திருக்கும் பணம். கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒதுக்கீடே இல்லை என்பதைப் பார்த்தேன். ரோபோ வருகிறதோ இல்லையோ, இந்த வருடமே அதைத் தொடங்குங்கள்.

எதிரெதிர் அமைப்புக்கு மாறினாலும் இரண்டு பேர் மிஞ்சுவார்கள் என்பதை மறைக்க மாட்டேன். டிரில்லிங்கும் பிசிறு எடுப்பதும் வெளியே கொடுக்கிறீர்கள், அதற்கு மாதம் 38,000 ஆகிறது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த வேலையை உள்ளே கொண்டு வந்தால் இரண்டு பேர் சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைக்கும். அப்போது 4.44 லட்சம் அவ்வளவு மிச்சமாகாது. ஆனால் வருகிற தீபாவளிக்கு ஒருவன் திரும்பாவிட்டால் லேத் நிற்காது, பழகிய கை பக்கத்திலேயே இருக்கும். என்னைக் கேட்டால் அந்த 80,000 இழப்பைத் தவிர்க்க வாங்கிய இன்ஷூரன்ஸ் அது என்பேன்.

கொட்டேஷனுக்குப் பதில் எழுத வேண்டுமே. வேண்டாம் என்று எழுதாதீர்கள் அம்மணி. எங்கள் காஸ்டிங்கிலேயே ஐம்பது உருப்படி அனுப்புகிறேன், உங்கள் இடத்தில் ஓட்டிக் காட்டுங்கள் என்று எழுதுங்கள். அதில் பத்து மோசமானதாக இருக்கட்டும்: ரைசர் நீண்டது, பார்ட்டிங் லைன் (அச்சின் இரண்டு பாதியும் சேரும் கோடு) விலகியது, மணல் ஒட்டியது. எந்தப் பத்து என்பதை அந்தப் பெரியவரையே பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்கும்போது ஏன் இது ஆகாது என்று அவர் சொல்வதைப் பக்கத்தில் ஒரு பையனை உட்காரவைத்து நோட்டில் எழுதவையுங்கள். அப்படி ஒரு நோட்டு இதுவரை உங்கள் பட்டறையில் இல்லை. ரோபோ அந்தப் பத்தையும் ஒதுக்கிவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கைத் திருப்பிப் போடலாம்.